பதிவேட்டைப் பரணில் ஏற்றலாமா?



சென்ற திங்களில் எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, ஒரு பங்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் இளம் மகள் ஒருத்தி எழுதியது. "சாமி, எங்கள் பங்கின் திருமுழுக்குப் பதிவேடுகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி முடித்துவிட்டோம். சான்றிதழ் கேட்டு வருவோர்க்கு இரண்டு நிமிடத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறோம். அலமாரியில் இடமில்லை. பழைய பதிவேடுகளைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடலாமா?" என்பது அவள் வினா. நான்கு வரியில் விடை எழுத அமர்ந்தேன், முடியவில்லை. ஏனெனில் அவ்வினாவுக்குரிய விடையை நான் புத்தகத்தில் கற்கவில்லை; என் சொந்தத் தவற்றினால் கற்றேன். அதனை இதுவரை எழுத்தில் வடித்ததில்லை. இப்போது எழுதுகிறேன்.

எந்திரங்களை வெறுப்பவன் அல்லேன் நான். நான் பணியாற்றிய ஒவ்வொரு பங்கிலும் கணினியை விரும்பியே வரவேற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பங்கில், பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணியை அலுவலகத் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்திருந்தேன். நல்ல பிள்ளை, உழைப்பாளி. எக்செல் என்னும் அட்டவணைச் செயலியில், வரிசைக்கு ஒரு பிள்ளையாக, பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு நாள், தந்தை, தாய், ஞானப்பெற்றோர் என்று நெடுவரிசைகள் அமைத்து எழுதி முடித்தார். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஒருநாள் காலைத் திருப்பலிக்குப் பின், கிளைக்கிராமம் ஒன்றிற்குப் புறப்படும் அவசரத்தில், மேசைமேல் இருந்த நான்கைந்து சான்றிதழ்களில் கையொப்பமிட்டு முத்திரை வைத்துவிட்டுச் சென்றேன். அவற்றுள் ஒன்று, வேறு மறைமாவட்டத்துப் பெண்ணை மணக்கவிருந்த ஓர் இளைஞனுடையது. பத்து நாள் கழிந்தது. பெண்ணின் பங்குத்தந்தை தொலைபேசியில் அழைத்தார். "அழைப்பிதழில் ஒரு தந்தை பெயர் இருக்கிறது, நீர் அனுப்பிய சான்றில் வேறொரு தந்தை பெயர் இருக்கிறதே, என்ன செய்தி?" என்றார். அதற்குள் பெண் வீட்டார் அச்சான்றைப் பார்த்துவிட்டிருந்தனர். சான்றில் இருந்த பெயரோ, எங்கள் ஊரிலேயே, இரண்டு தெரு தள்ளி வாழ்ந்துவந்த வேறொரு மனிதருடைய பெயர். கிராமத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் மாலை அந்த இளைஞனின் தாய் வந்தார். கைம்பெண், கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பங்கு இல்லத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டேன்; உட்காரவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்தார். "சாமி, இது நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம்தானே? என் பிள்ளைக்கு அப்பன்னு இதுல யார் பேரு எழுதியிருக்குன்னு ஒரு தடவ வாய்விட்டுப் படிங்க சாமி" என்றார். என்னால் படிக்க முடியவில்லை.

பதிவேட்டைத் திறந்தோம். அந்நாளைய பங்குத்தந்தை தம் திருத்தமான கையெழுத்தில் அவருடைய கணவரின் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தார். ஏட்டில் பிழை இல்லை, கணினியில்தான் பிழை. அதிலும் அந்த ஒரு வரிசையில் மட்டும் அன்று. தந்தை பெயர் நெடுவரிசை முழுவதும் இடம் மாறிக் கிடந்தது. நடந்தது இதுதான். அன்பியங்களுக்குக் குடும்பத் தலைவர்களின் பட்டியல் தேவைப்பட்டது. தம்பி, தந்தை பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, அகர வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினார். அச்செயலி அப்போது ஒரு கேள்வி கேட்கும்: பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளவா, தேர்ந்ததை மட்டும் வரிசைப்படுத்தவா என்று. ஆங்கிலத்தில் வந்த கேள்வியைச் சரியாகப் படியாமல் இரண்டாவதை அழுத்திவிட்டார். ஒரு நொடியில் தந்தையர் அனைவரும் அகர வரிசையில் நின்றனர். பிள்ளைகளும் தாய்மாரும் பழைய இடத்திலேயே நின்றனர். அப்படியே சேமித்து மூடிவிட்டார். அதன்பின் நான்கு மாதங்களில் நான் கையொப்பமிட்ட 11 சான்றுகளும் பிழையானவை. மற்றப் பத்தில் சில, பிரித்துப் பாராமலே பெட்டிக்குள் சென்றிருந்தன. ஒரு வீட்டில் மட்டும் பார்த்திருந்தனர். பார்த்தும், சாமியார் கையெழுத்திட்டதை எப்படிக் கேட்பது என்று வாளாவிருந்தனர்.

பதினொரு வீடுகளுக்கும் புதிய சான்றுகளை நானே எடுத்துச் சென்று மன்னிப்புக் கேட்டேன். பெண் வீட்டாருக்குப் பதிவேட்டின் அப்பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருமணம் குறித்த நாளிலேயே நடந்தது. பந்தியில் அந்தத் தாய் தம் கையாலேயே எனக்கு இலை போட்டுப் பரிமாறினார். ஆனால் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தம்பியை நான் கடிந்துகொள்ளவில்லை. ஏட்டைத் திறவாமல் கையொப்பமிட்டவன் நான்.

இனி, அக்கடிதம் எழுதிய மகளுக்கும், அவளைப் போலப் பங்கிலும் பள்ளியிலும் சங்கங்களிலும் கணினியில் அமர்ந்து தொண்டாற்றும் நம் பிள்ளைகளுக்கும் சில செய்திகள். வீட்டுக் கணக்கை எக்செலில் எழுதுவோர்க்கும் இவை பயன்படும்.

வரிசைப்படுத்துவதற்கு முன் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள். நகலின் பெயரில் நாளை எழுதுங்கள். ஆண்டு முதலில், பின் மாதம், பின் நாள் என்று எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். அடுத்து, தனி நெடுவரிசையை ஒருபோதும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அட்டவணைக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் சுட்டியை வைத்து, கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தினால் முழுவதும் ஒரே அட்டவணையாகக் கட்டப்பட்டுவிடும். அதன்பின் எந்த நெடுவரிசையை வரிசைப்படுத்தினாலும் வரிசை முழுவதும் சேர்ந்தே நகரும். இவ்வொரு சிறு செயலை நாங்கள் அறிந்திருந்தால் அந்தத் தாயின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். மூன்றாவதாக, ஒவ்வொரு வரிசையிலும் பதிவேட்டின் தொகுதி எண், பக்கம், பதிவு எண் ஆகியவற்றை எழுதும் நெடுவரிசைகள் கட்டாயம் இருக்கட்டும். எந்த மாற்றம் செய்தாலும், பின்னர் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து வரிசைகளை எடுத்து ஏட்டோடு ஒப்பிடுங்கள். தவறு நேர்ந்ததை உடனே கண்டால், கோப்பை மூடுவதற்குள் கன்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். மூடியபின் அவ்வழி அடைபட்டுவிடும்.

நாள்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பங்குப் பதிவேடுகளுக்கும் இந்த எந்திரத்துக்கும் ஒத்துப்போகாத இடம் இதுதான். நம் பகுதியின் பழைய பங்குகளில் 1800-களின் ஏடுகள் இன்றும் இருக்கின்றன. விண்டோஸ் கணினியில் எக்செல் நாள்களை எண்ணத் தொடங்குவது 1900 சனவரி 1 முதல். அதற்கு முந்திய நாளை அதில் எழுதினால், அதனை நாளாகவே ஏற்காது. வெறும் எழுத்தாகக் கிடக்கும். வரிசைப்படுத்தினால் 1887-இல் திருமுழுக்குப் பெற்ற கொள்ளுத்தாத்தா, 1987-இல் பெற்ற கொள்ளுப்பேரனுக்குப் பின்னே போய் நிற்பார். லிப்ரே ஆபிஸ் என்னும் இலவசச் செயலிக்கு இக்குறை இல்லை. அது 1900-க்கு முந்திய நாள்களையும் நாள்களாகவே கொள்ளும்.

இன்னொரு கண்ணி, நாள் முதலா மாதம் முதலா என்பது. நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகின்றனர். கடையில் வாங்கிய கணினி பல நேரங்களில் அமெரிக்க முறையிலேயே அமைந்திருக்கும். அதில் நீங்கள் சூலை 3 என்னும் கருத்தில் 3/7/1984 என எழுதினால், அது மார்ச்சு 7 என்று கொண்டுவிடும். வாய் திறந்து ஒன்றும் சொல்லாது. 25/12 என்று எழுதினால் 25-ஆம் மாதம் இல்லையாதலால் அதை எழுத்தாக விட்டுவிடும். எனவே ஒரே பட்டியலில் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் இருக்கும். முழுவதும் பிழையானால் கண்டுபிடித்துவிடலாம். பாதிப் பிழைதான் ஆளைக் கவிழ்க்கும். கணினியின் அமைப்புப் பகுதியில் வட்டார முறையை இந்தியா என மாற்றுவது முதல் வேலை. அதைவிட உறுதியான வழி, நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என மூன்று நெடுவரிசைகள் வைத்துக்கொள்வது. 1900-க்கு முந்திய சிக்கலும் அதனால் தீரும்.

இதையும் கேளுங்கள். பாஸ்கா திருவிழிப்பின்போது ஒரே இரவில் பலர் திருமுழுக்குப் பெறுவது உண்டு. எழுதுபவர் முதல் வரிசையில் அந்நாளை எழுதிவிட்டு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுப்பார். எந்திரம் தானாக நிரப்பும். ஆனால் அதே நாளை அன்று, அடுத்தடுத்த நாள்களை! முதல் பிள்ளைக்கு உயிர்ப்பு விழா முந்திய இரவு, இரண்டாம் பிள்ளைக்கு உயிர்ப்பு ஞாயிறு, மூன்றாம் பிள்ளைக்குத் திங்கள் என்று, எட்டாம் பிள்ளை அடுத்த சனிக்கிழமை திருமுழுக்குப் பெற்றதாக எழுதியிருந்த பட்டியலை நானே பார்த்திருக்கிறேன். இழுக்கும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டால் அதே நாள் படியும்.

எண்களிலும் எச்சரிக்கை தேவை. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எழுதினால் முன்பூச்சியத்தை விழுங்கிவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை எழுதினால், பதினாறாம் இலக்கம் முதல் பூச்சியமாக்கிவிடும். வங்கிக் கணக்கு எண்களில் சில இதைவிட நீளமானவை என்பதை நினைவிற் கொள்க. அத்தகைய நெடுவரிசையை எழுதத் தொடங்குமுன்பே எழுத்து வகை என்று அமைத்துவிட வேண்டும். எழுதியபின் மாற்றினால் இழந்தது திரும்பாது.

பெயர்களோ தனி உலகம். பழைய ஏடுகளில் பல லத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் சூசை, ஏட்டில் ஜோசேஃபுஸ், பள்ளியில் ஜோசப். இராயப்பன் ஏட்டில் பேத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ் ஆவார். அருளப்பன் யொவான்னேஸ் ஆவார். மூவரும் வேறு வேறு ஆள் என்றே கணினி கொள்ளும். குருமடத்தில் நான் கற்ற சிறிதளவு லத்தீன், மறையுரைக்குப் பயன்பட்டதைவிடப் பெயர் தேடவே மிகுதியும் பயன்பட்டது. ஏட்டில் உள்ளவாறு பெயர் ஒரு நெடுவரிசையிலும், வழங்கும் பெயர் இன்னொரு நெடுவரிசையிலும் இருக்கட்டும். ஏட்டின் எழுத்தை உங்கள் விருப்பப்படி திருத்தி எழுத வேண்டாம்.

தமிழ் எழுத்திலும் ஒரு மறைவான பள்ளம் உண்டு. சௌரியம்மாள் என்னும் பெயரில் வரும் 'சௌ' என்னும் எழுத்தை, ஔகாரக் குறியிட்டு எழுத வேண்டும். பலர் ஒற்றைக்கொம்பு இட்டு, சகரத்துக்குப் பின் ளகரத்தைத் தட்டிவிடுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், எந்திரத்துக்கு வேறு. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டுவதும் அவ்வாறே. "எங்கள் பாட்டி பெயர் பட்டியலில் இல்லை என்கிறார்களே" என்று கண்கலங்கி நின்ற ஒரு குடும்பத்துக்கு, பாட்டி பட்டியலிலேயே இருந்தார், எழுத்துக்குள் ஒளிந்திருந்தார். தேடிக் கிடைக்காவிட்டால் "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். ஏட்டைப் புரட்டிப் பார்த்தபின் சொல்லுங்கள்.

பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவித் தோன்றுகின்றன என்று பலர் முறையிடுகின்றனர். கோப்பு கெடவில்லை, அழித்துவிட வேண்டாம். முன்னாளில் பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உள்ளிருக்கும் ஆங்கில எழுத்தே வெளிப்படும்; மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாம், தாப் என்னும் குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. இன்று எழுதுவன யாவும் யூனிகோடிலேயே இருக்கட்டும். பழையவற்றை மாற்றித்தரும் செயலிகள் இலவசமாகவே உள்ளன. மாற்றியபின் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழுக்கிடையே ஆங்கிலச் சொல் இருந்தால் அதனையும் தமிழெழுத்தாக்கிப் பொருளற்ற குவியலாக்கிவிடும். பழைய மூலக்கோப்பையும் எறிந்துவிடாதீர்கள். அச்சகத்துக்கோ ஆயர் இல்லத்துக்கோ அனுப்புவதைப் பி.டி.எஃப். வடிவில் அனுப்பினால், எழுத்துரு கோப்புக்குள்ளேயே அடங்கிவிடுமாதலால் வழியில் சிதையாது.

நகல் எடுத்துவைப்பதைப் பற்றி எல்லாரும் சொல்கின்றனர், செய்வோர் சிலரே. நாங்களும் செய்யவில்லை. ஒரே கோப்பு, அதன்மேலேயே நாள்தோறும் எழுதினோம். ஆகவே தந்தையர் பெயர் குலைந்தபோது, குலையாத பழைய படி ஒன்றும் எங்களிடம் இல்லை. ஏட்டைப் பார்த்து அனைத்தையும் மறுபடி எழுத மூன்று மாதங்கள் ஆயின. மூன்று படிகள் வேண்டும் என்பது கணினி அறிந்தோர் வழக்கு: கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று. வெளிவட்டை எந்நேரமும் கணினியில் செருகியே வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் வந்தால், செருகியிருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டும். நகலெடுத்ததும் கழற்றி இரும்புப் பெட்டியில் வையுங்கள். இணையக் கிடங்கில் தானாகவே ஒத்திசையும் கோப்பு மட்டும் போதும் என எண்ண வேண்டாம். இங்கே அழித்தால் அங்கும் அழியும்; கூகுள் டிரைவின் குப்பைக்கூடையில் 30 நாள்களே இருக்கும். எங்கள் பிழை நான்கு மாதம் கழித்தே தெரிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை நகலை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறக்காத நகலைக் கண்டு ஏமாந்த அலுவலகங்களை நான் அறிவேன்.

விண்டோஸ் 10 கணினிகளுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. கணினி ஓடும், பூட்டில்லாக் கதவோடு ஓடும். புதிது வாங்க இயலாத பங்குகள், பதிவேட்டுக் கணினியை இணையத்தோடு இணைக்காமலாவது வைத்துக்கொள்ளலாம்.

குருக்கள் இடமாற்றக் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் வேடிக்கை ஒன்று உண்டு. பங்கின் மின்னஞ்சல், முன்னாள் பங்குத்தந்தையின் சொந்தத் தொலைபேசி எண்ணில் தொடங்கப்பட்டிருக்கும். புதியவர் கடவுச்சொல்லை இட்டதும், ஓ.டி.பி. எண் நூறு கல் தொலைவில் உள்ள பழையவரின் கைப்பேசிக்குச் செல்லும். அவர் அப்போது பூசையில் இருப்பார்! நானும் ஓராண்டுக் காலம் என் பழைய பங்குக்கு ஓ.டி.பி. சொல்லும் ஊழியம் செய்தேன். பங்கின் பெயரில் ஒரு கைப்பேசி எண். அவ்வெண்ணில் பங்கின் மின்னஞ்சல். அம்மின்னஞ்சலில் மற்ற எல்லாக் கணக்குகளும். கடவுச்சொற்களை ஓர் உறையிலிட்டு, அரக்கு வைத்து, பதிவேடுகளோடு கையளிக்கலாம். புதியவர் பொறுப்பேற்ற அன்றே அவற்றை மாற்றிக்கொள்வார். வைஃபை கருவியோடு வந்த முதற் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். அது கருவியின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது.

குடும்பத்தாருக்கும் இரண்டொரு சொல். உங்கள் பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றைப் பெற்ற அன்றே, அலுவலகத்தில் நின்றபடியே பிரித்துப் படியுங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள். சாமியாரிடம் பிழை சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. அரசுப் பிறப்புச் சான்றையும் மறவாதீர்கள். 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, அந்நாள் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்கு அச்சான்றே பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் ஆவணம். திருமுழுக்குச் சான்று அதற்கு ஈடாகாது. இரண்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாகவே இருக்கட்டும். வீட்டில் உள்ள பெரியவர்களின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்; பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்று சொல்லிக் கொடுங்கள். காணொளியில் தோன்றி "உம்மைக் கைது செய்துவிட்டோம்" என்று மிரட்டும் காவல் துறை எங்கும் இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்கச் செய்யுங்கள். பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்பு உண்டு.

மீண்டும் அம்மகளின் வினாவுக்கு வருகிறேன்.

மகளே, பதிவேட்டைப் பரணில் ஏற்றாதே. திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமணங்களை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் எனப் பங்குக்குருக்களைப் பணித்தது 1563-இல். 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டம், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பங்கிலும் ஏடுகள் இருக்க வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கவனமாகப் பேண வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அதுதான் உன் வினாவுக்கு முக்கியம். ஒருவர் உறுதிபூசுதல் பெற்றாலும், திருமணம் செய்தாலும், குருப்பட்டம் பெற்றாலும், துறவற இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தாலும், அச்செய்தி அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். சான்று கொடுக்கும்போது அக்குறிப்பும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும். நீ பட்டியலை ஏற்றி முடித்த மறுநாள் வேறொரு பங்கிலிருந்து திருமண அறிவிப்பு வரும். பங்குத்தந்தை அதனை ஏட்டின் ஓரத்தில் எழுதுவார், கணினியில் ஏறாது. நான்கு ஆண்டு கழித்து, ஏற்கெனவே மணமான ஒருவர் வெளியூரிலிருந்து சான்று கேட்டு எழுதுவார். ஓரக்குறிப்பு இல்லாத சான்றை நீ இரண்டு நிமிடத்தில் அச்சிட்டுக் கொடுப்பாய். அச்சான்றை நம்பி வேறொரு பங்கில் ஓலை வாசிப்பார்கள். ஏமாறப்போகும் அந்தப் பெண்ணின் முகத்தை நீயும் நானும் பார்க்கப்போவதில்லை, அவ்வளவே.

எனவே கணினி, ஏட்டின் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று உனக்குச் சொல்லட்டும். சான்றை ஏட்டைப் பார்த்தே எழுது. ஏட்டின் பக்கங்களைக் கைப்பேசியால் படமெடுத்துவைப்பதும் நன்று. சன்னல் ஓரத்து வெளிச்சம் போதும்; மின்னொளியைப் பாய்ச்ச வேண்டாம்; கிழிந்த தாளில் ஒட்டுப்பட்டையை ஒட்ட வேண்டாம், அதன் பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும். படத்துக்குத் தொகுதி எண்ணும் பக்க எண்ணுமே பெயராகட்டும். அப்படங்களைப் பங்கின் வாட்சப் குழுவில் பகிர்ந்துவிடாதே. ஓரக்குறிப்புகளில் குடும்பங்களின் மறைவான செய்திகள் இருக்கும்.

பரணில் கூரையின் வெப்பமும் மழைக்கால ஒழுக்கும் ஏட்டை அழிக்கும். இரும்பு அலமாரியின் நடுத்தட்டு அதற்குரிய இடம். சுவரின் ஈரம் படாமல் அலமாரியைச் சற்றுத் தள்ளி வை. இடம் போதாவிட்டால் விழாக்காலத் தோரணங்களையும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டியையும் பரணில் ஏற்று. அவற்றை யாரும் தேடப்போவதில்லை.

உங்கள் பங்குத்தந்தை வண்டியில் ஏறும் அவசரத்தில் கையெழுத்துக்குக் கை நீட்டினால், பதிவேட்டின் பக்கத்தைத் திறந்து அவர்முன் வை. பிறகு பேனாவைக் கொடு. கோபித்துக்கொண்டால், நான் சொன்னதாகச் சொல்.